நாலாம் படுக்கை மணி

சலவை இயந்திரம் துவைத்து முடித்தால் எட்டுத் தடவை கத்தும். உம்மு ஸுஹைபுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. மூன்றாவது கத்தலுக்கு மேல் அவள் பொறுத்துக்கொண்டதாக அந்த வீட்டில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். தரையில் உட்கார்ந்து குபைஸாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், மடிக்கீரையை அங்கியோடு சேர்த்துப் பிடித்தபடி எழுந்து போனாள். இயந்திரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒற்றை விரலால் ஒரு குத்து. கத்தல் நின்றது. வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

"நோன்பு வாயோட சொல்றேன். யாரு கை உன் ஆஸ்பத்திரி அட்டையில வெளையாடி எம் பேரன இந்தக் கதிக்கு ஆக்குச்சோ, அந்தக் கை வெளங்காமப் போகணும்."

எதிரே மகள் ஹியாம் உட்கார்ந்திருந்தாள். கீரைக் காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். நல்ல இலையும் காம்போடு போனது.

தம்பி ஸுஹைபின் பிள்ளை பிறந்து இன்றைக்கு மூன்றாவது நாள். தலைப்பிள்ளை, ஆண் பிள்ளை. பிறந்ததும் அழவில்லை. எட்டு நிமிஷம் போராடித்தான் மூச்சைக் கொண்டுவந்தார்கள். வயிற்றுக்குள்ளேயே நெஞ்சுத்துடிப்பு இறங்கி, மூளைக்குக் காற்றுப் போகாமல் கிடந்திருக்கிறது. மூளையைக் காப்பாற்ற வேண்டுமென்று மூன்று நாளாகக் குளிர்ப்பாயில் போட்டு, உடம்பைச் சில்லென்று வைத்திருந்தார்கள். நாளைக்குச் சூடு ஏற்றிப் பார்ப்பார்கள். பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நேற்றுக் காலை வரைக்கும் அல்லாஹ்வின் காரியம் என்று வீடு தேற்றிக்கொண்டது. நேற்றுத்தான் ஆஸ்பத்திரி விசாரணை அலுவலகத்தில் ஸுஹைபைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பிள்ளைக்கு ஆபத்து என்று இயந்திரம் மணி அடித்ததையும், அந்த மணியை யாரோ மூன்று தடவை நிறுத்தியதையும், கணினியில் அந்த மூன்று இடத்திலும் இருக்கிற பெயர் ஹியாம் என்பதையும் சொன்னார்கள்.

மாடியிலிருந்து ஸுஹைப் இறங்கி வந்தான். பல்கலைக்கழகத் தடத்தில் மினிபஸ் ஓட்டுகிறவன். தினமும் வாசலில் நின்று அக்காளிடம் ஸலாம் சொல்லாமல் வண்டி எடுக்காதவன். இன்றைக்குச் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ராத்தா, ஒரு தடவன்னா கை தவறிப் பட்டுச்சும்பேன். மூணு தடவ."

"நான் அமுக்கல ஸுஹைப்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நீதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச."

அவன் போய்விட்டான். மினிபஸ் சரிவில் இறங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. முந்தின நாள் வீசிய காற்றில் முற்றத்து வாதுமை மரத்திலிருந்து பச்சைப் பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. பொறுக்கி உப்புத் தொட்டுத் தின்ன அந்த வருஷம் யாருக்கும் மனசில்லை.

அவன் சொன்னது பொய்யில்லை. இர்பித் பக்கத்து மேட்டு ஆஸ்பத்திரியில் ஹியாம் பதினெட்டு வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள். ஜர்காவில் வாழப்போய், இரண்டு கரு கலைந்து, மூன்றாவது வருஷமே திரும்பி வந்துவிட்டவள். அம்மானுக்குப் போய்க் கணினிப் பயிற்சி எடுத்து வந்தது அவள் ஒருத்திதான். அதற்கப்புறம் வார்டில் அவளுக்கு வைத்த பெயர் 'உம்மு கம்ப்யூட்டர்'. ஊரில் ஒவ்வொருத்தியையும் மூத்த மகன் பெயரைச் சொல்லி இன்னாரின் உம்மா என்று கூப்பிடும்போது, பிள்ளையில்லாத இவளுக்கு அப்படி ஒரு பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் ஏற்றுக்கொண்டாள். உள்ளுக்குள் வலித்ததா என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

வேலை இதுதான். பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் இரண்டு பட்டை கட்டுவார்கள். ஒன்று வலியைப் பிடிக்கும், மற்றது பிள்ளையின் துடிப்பைப் பிடிக்கும். ஆறு படுக்கையின் துடிப்பும் நர்ஸ்கள் மேசையிலுள்ள பெரிய திரையில் ஆறு கோடாக ஓடும். துடிப்பு இறங்கினால் படுக்கையிலும் மணி அடிக்கும், மேசையிலும் அடிக்கும். ஒரே காரியத்துக்கு இரண்டு மணி அடித்து மண்டையைப் பிளக்கிறது என்று, படுக்கையருகே ஒருத்தி நிறுத்தினால் மேசையிலும் நான்கு நிமிஷம் அடங்கிவிடும்படி மாற்றச் சொன்னது ஹியாம்தான். பக்கத்தில் நின்று நிறுத்துகிறவள் நர்ஸாகத்தானே இருப்பாள், பார்த்துவிட்டுத்தானே நிறுத்துவாள் என்பது அவள் கணக்கு.

அட்டை விஷயம் வேறு. ஒவ்வொருத்திக்கும் பெயர் போட்ட அட்டை உண்டு. அதைக் காட்டினால்தான் படுக்கை இயந்திரம் எழுத விடும்; மூடும்வரை அதில் யார் எதை அமுக்கினாலும் அந்தப் பெயரில்தான் பதிவாகும். எழுதி முடித்ததும் மூட வேண்டும் என்பது சட்டம். ரமலான் மாலையில் யார் மூடினார்கள்? நோன்பு திறக்கிற நேரம் நெருங்கினால், முதலில் திறந்தவள் அட்டையிலேயே எல்லோரும் எழுதிவிட்டு ஓடுவார்கள். அப்படியே சமையல் மூலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மேசை மணிக்குக் காதைக் கொடுத்தபடி பேரீச்சம்பழத்தை வாயில் போடுவார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்தது. ஒரு குறையும் வந்ததில்லை. வராதவரைக்கும் எல்லா வழக்கமும் நல்ல வழக்கம்தான்.

அன்றைக்கு நாலாம் படுக்கையில் தம்பி மனைவி ரஹஃப். கூட இருக்க ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள் என்பதால் உம்மு ஸுஹைப் இருந்தாள். ஹியாம் படுக்கை இயந்திரத்தைத் தன் அட்டையால் திறந்தாள், எழுதினாள், மூடாமல் வந்துவிட்டாள். ஆறே முக்காலுக்கு நோன்பு திறக்கிற மகரிப் பாங்கு. மேசை மணி மூன்று தடவை முனகி முனகி அடங்கியது. யாரோ உள்ளே போய்ப் பார்க்கிறார்கள் என்று அவள் பருப்புச் சூப்பை ஊற்றினாள். ஆறு ஐம்பதுக்கு மணி மறுபடி அடித்தபோது, கூட வேலை செய்கிற நர்ஸ் ஸப்ரீன் திரையைப் பார்த்து அலறிய அலறல் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

விசாரணை அலுவலகத்து நாதர் நல்ல மனுஷன்தான். ஆனால் காகிதத்துக்கு மேல் எதையும் நம்பாத மனுஷன். இன்றைக்கு முற்பகல் அவர் அவளிடம் நீட்டிய தாளில் மூன்று வரி இருந்தது. ஆறு முப்பத்தெட்டு, ஆறு நாற்பத்திரண்டு, ஆறு நாற்பத்தாறு. மூன்றுக்கும் எதிரே ஹியாம். இது சுருக்கம், முழுப் பதிவையும் எடுங்கள் என்று அவள் கேட்டாள். அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு அவள் சொல்லித்தான் தெரியும். எடுத்தார். மூன்று வரிக்கும் எதிரே இன்னொரு கட்டம் இருந்தது. நிறுத்தப்பட்ட இடம், படுக்கை நாலு.

"அப்ப நீங்க மேசையில நிறுத்தல," என்றார் நாதர்.

"நான் அந்த நேரம் ரூமுக்குள்ளயே இல்ல. ரூமுக்குள்ள யாரு போனான்னு கேளுங்க."

"யாரு போனா?"

அது அவளுக்கும் தெரியவில்லை. நாளை மதியம் பன்னிரண்டுக்குள் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பெயரோடு முடிக்க வேண்டியதுதான் என்று நாதர் சொல்லிவிட்டார். முடிப்பது என்றால் வேலை போவது மட்டுமல்ல. பிரசவம் பார்க்கிற உரிமையே போய்விடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தம்பி பிள்ளையைக் கெடுத்தவள் என்று அதே வீட்டில், அதே மாடிப்படிக்குக் கீழே, காலம் முழுக்கக் கிடப்பதை எப்படித் தாங்குவது?

வீட்டுக்கு வந்து உம்மாவைக் கேட்டாள். அறைக்குள் யார் வந்தது?

உம்மு ஸுஹைப் யோசிக்கவே இல்லை. "அந்த ஸப்ரீன் வந்தா. அகதி முகாம் பக்கத்துப் பொண்ணு. பேரீச்சம்பழத் தட்டு கொண்டாந்தா."

"படுக்கைகிட்டப் போனாளா?"

"போனா. நின்னா. எதையோ பாத்தா." கொஞ்சம் நிறுத்தி, உப்பும் புளியும் சேர்த்தாள். "அவ பாத்த பார்வை எனக்கு அப்பவே பிடிக்கல மவளே. உன் எடத்துமேல அவளுக்கு ஒரு கண்ணு."

நெருப்பில்லாமல் புகையுமா என்று ஹியாமின் மனசு பிடித்துக்கொண்டது. போன வருஷம் கணினிப் பயிற்சிக்குத் தன்னை அனுப்பவில்லை என்று ஸப்ரீன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அட்டையைத் திறந்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். மணியின் இடம் தெரியும். சந்தேகம் என்பது ஒரு முளை விட்டால் போதும். பந்தல் நாமே போட்டுக் கொடுப்போம்.

பிற்பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஸப்ரீன் வயிற்றுப்பட்டைகளைத் தொட்டியில் போட்டுச் சோப்புப் பொடியில் கசக்கிக்கொண்டிருந்தாள். யாரும் கூட வேலை செய்யவில்லை. மற்றவர்கள் அவளைச் சந்தேகப்பட்டார்களா, ஹியாமைச் சந்தேகப்பட்டார்களா தெரியாது. இருவர் பக்கத்திலும் வராமல் இருந்தார்கள்.

"நாலாம் ரூமுக்கு நீ எதுக்குப் போன?" என்று ஹியாம் கேட்டாள்.

"பழம் குடுக்க. உங்க உம்மாவுக்குத்தான், வேற யாருக்கு?"

"படுக்கைகிட்ட உனக்கு என்ன வேலை?"

"மேசை அங்கதானே இருக்கு சிஸ்டர். தட்டத் தலையிலயா வைக்கிறது?" ஸப்ரீன் பட்டையைப் பிழிந்து கம்பியில் போட்டாள். "அன்னைக்கு எத்தன பேரு உங்க பேர்ல எழுதுனோம்னு நாதர் கேட்டாரு. எல்லாருந்தான்னு சொல்லிட்டேன். அத மறைக்கல. ஆனா மணிய நான் தொடல."

"தொட்டவ தொட்டேன்னு சொல்லுவாளா?"

"தொடாதவ வேற என்னத்தச் சொல்லுவா?"

அந்தக் கேள்வியே ஹியாமுக்கு மேலும் கோபத்தைக் கிளப்பியது.

மேல்மாடி வார்டில் ரஹஃப் படுத்திருந்தாள். இருபத்து மூன்று வயசு. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்த தையல் இன்னும் காயவில்லை. தலையணையில் கண்ணேறு படாமலிருக்க அவள் வீட்டார் குத்தி வைத்த நீலமணி ஒன்று. அதில் நூல் புதுசாக இருந்தது. ஹியாம் வீட்டிலிருந்து பருப்புச் சூப் கொண்டுபோயிருந்தாள், எலுமிச்சை தனியாக, வறுத்த ரொட்டித் துண்டு தனியாக. ரஹஃப் மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

"நான் குடிச்சுட்டேன் மைனி."

பக்கத்துப் படுக்கைக்காரி ஹியாமைப் பார்த்தாள். காலையிலிருந்து இவள் வாயில் ஒன்றும் வைக்கவில்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"ரஹஃப், உன் மேல சத்தியமாக் கேக்குறேன். ரூம்ல யாரு வந்து மணிய நிறுத்துனா? நீ பாத்தியா?"

"ஊசி போட்டுட்டீங்க. கண்ணு திறக்க முடியல." ரஹஃப் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கத்திக்கிட்டே இருந்துச்சு. எம் பக்கத்துல யாரோ வந்தாங்க. கத்துறது நின்னுச்சு. மைனி வந்துட்டாங்கன்னு நெனச்சேன். நெனச்சு நிம்மதியாக் கெடந்தேன்." பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "எம் புள்ளைய நீங்க தொட வேண்டாம். கோவிச்சுக்காதீங்க. மனசு ஒப்பல."

ஹியாம் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். பதினெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகளை இந்தக் கையில் ஏந்தியிருப்பாள். சொந்த இரத்தத்துக்கு ஆகாத கை ஆகிவிட்டது.

நோன்பு திறந்தபின் உட்கார்ந்து எழுதினாள். அறைக்குள் போனது ஸப்ரீன் மட்டுமே, படுக்கையருகே நின்றதைக் கண்ட சாட்சி உண்டு, என் அட்டை திறந்திருந்ததும் அவளுக்குத் தெரியும் என்று எழுதினாள். அழகான எழுத்து அவளுக்கு. வாசித்துக் காட்டச் சொல்லி உம்மு ஸுஹைப் கேட்டாள், கேட்டுத் தலையாட்டினாள்.

"குடு. பயப்படாத. மடியில கனமில்லன்னா வழியில பயமென்ன?"

மறுநாள் காலை குளிர்ப்பாயை எடுத்துவிட்டார்கள், பிள்ளை சூடாகி வருகிறது என்று தகவல் வந்தது. ஸுஹைப் அன்றைக்கு ஒரு சவாரிக்காக வண்டியோடு அம்மான் பாதையில் இருந்தான். ரஹஃபைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ள ஆள் வேண்டும். வேறு வழியில்லாமல் ஹியாம் தள்ளினாள். உம்மு ஸுஹைப் கூட வந்தாள். மூன்று பேரை விடமாட்டார்கள். வார்டில் வேலை செய்கிறவள் என்பதால் கண்டும் காணாமல் விட்டார்கள். ஹியாமின் சட்டைப்பையில் எழுதிய தாள் நாலாக மடித்து இருந்தது. மணி பத்தரை.

பிள்ளை கண்ணாடிப் படுக்கையில் கிடந்தது. உதட்டில் நிறம் வந்திருந்தது. நெஞ்சில் மூன்று கம்பி, பாதத்தில், இரத்தத்தில் காற்று எவ்வளவு என்று பிடிக்கிற ஒரு சிவப்பு விளக்கு ஒட்டியிருந்தது. ஹியாம் நாற்காலியை நிறுத்திவிட்டு இரண்டடி தள்ளியே நின்றாள், தொடக்கூடாது என்று ரஹஃப் சொல்லியிருக்கிறாளே. ரஹஃப் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். ஏழாம் நாள் பெயர் வைக்க வேண்டும். என்ன பெயர் என்று யாரும் இதுவரை வாய் திறக்கவில்லை.

பிள்ளை காலை உதறியது. சிவப்பு விளக்கு நழுவியது. தலைமாட்டு இயந்திரம் கத்த ஆரம்பித்தது.

அங்கிருந்த நர்ஸ் கோடியில் இன்னொரு பிள்ளையிடம் இருந்தாள். ஹியாம் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. பழக்கம், பிள்ளையின் நெஞ்சைத்தான் பார்த்தாள். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சரி, நழுவல்தான் என்று அவள் மூச்சு விடுவதற்குள், தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஒற்றை விரல். ஒரு குத்து. சத்தம் நின்றது.

"சும்மா சும்மா கத்திக்கிட்டு," என்றாள் உம்மு ஸுஹைப். "புள்ள தூங்குதுல்ல."

ஹியாம் திரும்பினாள். கேட்க வேண்டாம், கேட்காமல் விட்டுவிடு என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. வாய் கேட்டுவிட்டது.

"உம்மா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதென்ன பெரிய வித்தையா? மணிப் படம் போட்டிருக்கே. அன்னைக்கு ரஹஃப் ரூம்ல கத்துனப்ப நீ வந்து அமுக்குனல்ல. பட்ட நழுவிருச்சு உம்மா, ஒண்ணுமில்ல, அது சும்மா கத்தும்னு சொல்லிட்டுப் போனியே. அப்பறமும் கத்துச்சு. நானே அமுக்கிக்கிட்டேன், உன்ன எதுக்கு அலைக்கழிக்கணும்னு."

"எப்ப உம்மா?"

"பாங்கு நேரந்தான். ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு பாங்கு காதுல விழுதான்னு நிக்கிறேன், இது விட்டாத்தானே. அமுக்குனா கொஞ்ச நேரத்துல மறுபடியும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் மகள் முகத்தைப் பார்த்தாள். மருமகள் முகத்தைப் பார்த்தாள். பேச்சு நின்றது. இரண்டு நாளாகக் கணினி, அட்டை, பதிவு என்று இவர்கள் பேசியது ஏதோ மேசைக்குள் நடக்கிற சூது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவள் அமுக்கியது ஒரு சத்தத்தை. வீட்டில் தினம் அமுக்குகிற மாதிரி ஒரு சத்தத்தை.

"எத்தன தடவ மாமி?" என்று ரஹஃப் கேட்டாள்.

உம்மு ஸுஹைபின் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. எண்ணிக்கை வெளியே வரவில்லை. நீட்டிய விரல் இன்னும் அப்படியே இருந்தது. அதை மெல்ல அங்கிக் கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கோடியிலிருந்த நர்ஸ் வந்து விளக்கை ஒட்டினாள். காலை நன்றாக உதறுகிறான், நல்ல அறிகுறி, டாக்டரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்றாள். யாராவது ஒருத்தர் கை கழுவிவிட்டு வந்து தொடலாம் என்று சொல்லி, பெரியவள் என்று உம்மு ஸுஹைபைப் பார்த்தாள்.

"எங் கை வேண்டாம்," என்றாள் அவள். "நோன்பு வாயோட சொல்லிட்டேனே மவளே. அந்தக் கை வெளங்காமப் போகணும்னு நானே சொல்லிட்டேனே."

ஹியாம் அங்கிக்குள் மறைந்த அந்தக் கையைப் பார்த்தாள். அது சும்மா கத்தும். அந்த வார்த்தை யார் வார்த்தை? பட்டை நழுவிய அன்றைக்கு, அவசரத்தில், சொந்த உம்மாதானே என்ற அலட்சியத்தில் அவள் சொன்னது. அட்டையைத் திறந்து போட்டதும் அவள். இரண்டு மணியை ஒன்றாக்கச் சொன்னதும் அவள். உம்மாவின் விரல் கடைசியில்தான் வந்தது.

ரஹஃப் கண்ணாடியிலிருந்து நெற்றியை எடுத்தாள். கையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க தொடுங்க மைனி."

ஹியாம் தொட்டிக்குப் போனாள். சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து, ஸப்ரீனின் பெயர் இருந்த இடத்தில் கிழித்து, இன்னும் இரண்டாகக் கிழித்து, மிதியால் திறக்கிற குப்பைத் தொட்டியில் போட்டாள். பன்னிரண்டு மணிக்குள் வேறு எழுத வேண்டும். முதல் வரியில் தன் பெயர்தான் வர வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் உம்மாவை எழுதாமல் இருக்க முடியாது என்பதும் தெரிந்தது. ஸுஹைபிடமும் சொல்ல வேண்டும். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நர்ஸ் போதும் என்று சொன்னபிறகுதான் மூடினாள்.

வட்டத் துவாரத்தின் வழியாகக் கையை விட்டு, பிள்ளையின் உள்ளங்கையில் விரலை வைத்தாள். பிடி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, அரைகுறையாக மூடியது. பிள்ளை காலை உதறியது. விளக்கு நழுவியது. இயந்திரம் மறுபடியும் கத்தியது.

மூன்று பேரில் ஒருத்தி கையும் மணிப்பக்கம் போகவில்லை. அது பாட்டுக்குக் கத்தட்டும் என்று விட்டுவிட்டு, மூன்று பேரும் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தார்கள்.